கர்ப்பிணிக்கு முதலிடம்

கொள்ளை நோய்க்கு அரசனென்றும் ஆண்டியென்றும் பேதமில்லை என்று சொல்வது நம்மவர் வழக்கம். கேட்பதற்கு இது சமரச ஞானம்போல் தோன்றும். ஆயினும் மரணக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இது உண்மையன்று என்பது எளிதில் விளங்கும். நோய்க்குப் பேதமுண்டு. மூச்சுக் குழலையும் நுரையீரலையும் பற்றும் கொடிய ஜுரங்கள் பரவும்போதெல்லாம் அவை தேடிப் பிடிக்கும் ஒரு சாரார் உளர். அவர்கள் கர்ப்பிணிகளும், அவர்கள் ஈன்றெடுக்கும் சிசுக்களுமே. இவ்வுண்மை நூறு ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய உலகத்துக்குத் தெரியும். தெரிந்திருந்தும், தற்காப்பு என்று ஒன்று கைக்கு வரும்போது அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்துவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2021ம் ஆண்டில் அவ்வாறே நடந்தது. அது எப்படி நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, இனி நேராதிருக்க நாம் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1918ம் ஆண்டின் சாட்சி

முதலில் பழைய சாட்சியைக் கேட்போம். 1918ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் தோன்றிய இன்புளூயென்ஸா ஜுரம் முதலில் லேசாக வந்து போயிற்று. செப்டம்பர் மாதத்தில் அது திரும்பி வந்தபோது எமனாக வந்தது. ரெயில் பாதைகளின் வழியே நகரம் நகரமாகவும், பின்னர் கிராமம் கிராமமாகவும் பரவிற்று. அவ்வருஷம் மழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறியிருந்தது. டாக்டர்களில் பலர் யுத்த சேவைக்குப் போயிருந்தனர். இந்தியாவில் மடிந்தோர் 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையார் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். அதனினும் மிகுதியாகக் கூறுவோரும் உண்டு. 1911ம் வருஷத்து ஜனக் கணிதத்தில் சுமார் 31.5 கோடியாயிருந்த ஜனத்தொகை, பத்து ஆண்டுகள் கழித்து 1921ல் 31.9 கோடி அளவிலேயே நின்றது. சென்னை ராஜதானி, பம்பாயையும் மத்திய மாகாணங்களையும்போல் அத்துணைச் சேதம் அடையவில்லை எனினும், முற்றும் தப்பவில்லை.

இந்தப் பெருஞ் சாவில் கவனிக்கத்தக்க ஒரு விசேஷமுண்டு. வேறு பல தேசங்களில் ஆண்களே அதிகமாக இறந்தனர். இந்தியாவிலோ பெண்களின் மரண விகிதமே மிகுந்திருந்தது. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் அவள். நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவளும் அவளே. அடுத்த ஆண்டாகிய 1919ல் நாட்டில் பிறப்புகளும் வெகுவாகக் குறைந்து போயின. தாயாக வேண்டியவர்கள் பலர் போய்விட்டனர். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கரு கலைந்தது. ஹிந்தி மொழியின் பெருங்கவியாகிய சூரியகாந்த் திரிபாடி நிராலா அப்பொழுது இளைஞர். தம் மனைவியையும் குடும்பத்தினர் பலரையும் அந்த ஒரு ஜுரத்துக்குப் பறிகொடுத்ததைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைக்க ஆளில்லாத குடும்பங்கள் எத்தனை லட்சமோ!

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற டாக்டர், இன்புளூயென்ஸா கண்ட 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி 1919ல் வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஜுரம் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாக முற்றிற்று. அவ்வாறு முற்றியவர்களில் சுமார் பாதிப் பேர் மாண்டனர். மொத்தத்தில் நூற்றுக்கு 27 பேர் மரணம். நிமோனியா கண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் கர்ப்பம் காலத்துக்கு முன்பே முடிந்தது. நிமோனியா காணாதவர்களுக்குங்கூட நூற்றுக்கு 26 பேருக்கு அவ்வாறே நேர்ந்தது. இந்தக் கணக்கு அச்சாகி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆகவே, "இது எங்களுக்குத் தெரியாது" என்று எந்த நாட்டுச் சர்க்காரும் சொல்வதற்கு இடமில்லை.

உடலில் நிகழ்வது யாது?

கர்ப்பம் ஒரு வியாதியன்று. அது இயற்கையான நிலை. ஆனால் அந்நிலையில் உடல் தன் சக்தியின் எல்லைக்கு அருகில் நின்று வேலை செய்கிறது. கரு வளர வளர, வயிற்றுக்கும் மார்புக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசைத் திரை சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளப்படுகிறது. மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் சேமிப்பாகத் தங்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே சமயத்தில் இரண்டு உயிர்களுக்கும் சேர்த்துப் பிராணவாயுவின் தேவை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கையிருப்புக் குறைந்து செலவு கூடிய குடும்பம் ஒரு சிறு நஷ்டத்தையும் தாங்காது. கர்ப்பிணியின் நுரையீரலும் அப்படியே. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ஒரு நிமோனியா அவளுடைய ரத்தத்தில் பிராணவாயுவை விரைந்து குறைத்துவிடுகிறது. அன்றியும், தன் உடலினின்றும் ஓரளவு வேறான ஓர் உயிரைத் தள்ளிவிடாமல் வைத்துக்கொள்ளும் பொருட்டு அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தி தன் நடையை மாற்றிக்கொள்கிறது. சில விஷக்கிருமிகளுக்கு அது அனுகூலமாகிவிடுகிறது.

தாய்க்கு மூச்சுக் குறைந்தால் சேய்க்கும் குறையும். கடும் ஜுரமும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்து பிரசவத்தைக் காலத்துக்கு முன்பே தூண்டிவிடுகின்றன. சில சமயம் குழந்தை கருப்பையிலேயே இறந்துவிடுகிறது. தாயைக் காப்பாற்றுவதற்காக டாக்டர்களே குழந்தையை முன்கூட்டி எடுக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அவ்வாறு குறை மாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திராது. அதன் சிற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சு அதற்குப் போதிய அளவு சுரந்திராது. கருவிலிருக்கும் கடைசி மூன்று மாதங்களிலேதான் தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லுகின்றன. குறை மாதக் குழந்தை அந்தச் சீதனத்தையும் முழுமையாகப் பெறாமல் வந்துவிடுகிறது. நிறைமாதக் குழந்தைக்குங்கூட மூச்சுக் குழல் மிகக் குறுகியது. சிறிது சளி கட்டினாலும் அடைபடும். ஆதலின் தாயைப் பற்றும் சுவாச நோய் ஒரே அடியில் இருவரைத் தாக்குகிறது. சில சமயம் தாய் பிழைத்தும் சேய் பிழைப்பதில்லை.

திரும்பத் திரும்ப வந்த எச்சரிக்கை

1918க்குப் பிறகு உலகத்துக்கு மும்முறை எச்சரிக்கை கிடைத்தது. 1957ம் ஆண்டின் ஆசிய இன்புளூயென்ஸாவின்போது அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் அந்நோயால் இறந்த, பிள்ளைபெறும் வயதுடைய பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கர்ப்பிணிகளாயிருந்தனர். 2009ம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் என்ற பெயருடன் புதிய இன்புளூயென்ஸா வந்தது. அமெரிக்க ஜனத்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவரே; அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அங்கு அந்நோயால் நேர்ந்ததாகப் பதிவான மரணங்களிலோ அவர்கள் நூற்றுக்கு 5 பேர். இங்கிலாந்தில் அதே நோய் கண்டு ஆஸ்பத்திரி சேர்ந்த கர்ப்பிணிகளின் குழந்தைகளில், பிறக்குமுன்னும் பிறந்த சில நாட்களுக்குள்ளும் இறந்தவை ஆயிரத்துக்கு 39. நோய் காணாத தாய்மாரிடத்து ஆயிரத்துக்கு 7.

2009ம் ஆண்டு மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. இன்புளூயென்ஸாவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்கலாம். நோய் கண்ட இரண்டு நாட்களுக்குள் அம்மருந்தைப் பெற்ற கர்ப்பிணிகளைவிட, நான்கு நாட்களுக்குப் பின் பெற்றவர்கள் தீவிர சிகிச்சைப் பகுதிக்குச் செல்ல வேண்டியதாயிருந்தது சுமார் ஆறு மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் கணக்குக் காட்டிற்று. மருந்து இருந்தது; தாமதமே கேடு செய்தது.

மூன்றாவதாக 2020ல் கோவிட் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கச் சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையம் வெளியிட்ட அறிக்கையின்படி, அதே வயதுள்ள பிற பெண்களோடு ஒப்பிடுகையில், நோய்க்குறி கண்ட கர்ப்பிணிகள் தீவிர சிகிச்சைக்குச் செல்லும் அபாயம் மூன்று மடங்கு. மரண அபாயம் நூற்றுக்கு 70 பங்கு அதிகம். நம் நாட்டிலேயே, இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் 2021 ஜூன் மாதத்தில் ஒரு கணக்கை வெளியிட்டது. முதல் அலையில் 1,143 பேர், இரண்டாம் அலையில் 387 பேர் என, கர்ப்பிணிகளும் பிரசவமானவர்களுமாக 1,530 பேரைப் பற்றியது அது. முதல் அலையில் அவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 0.7, இரண்டாம் அலையில் நூற்றுக்கு 5.7. எட்டு மடங்கு! இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, அந்த இரண்டாம் அலையின்போது நாம் அவர்களை எங்கே நிறுத்தியிருந்தோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஐந்தரை மாதங்கள்

நம் நாட்டில் கோவிட் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16ந் தேதி. அப்போதைய விதியிலே கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஊசி போடலாகாது என்றிருந்தது. ஏப்ரல் மாதத்திலும் மே மாதத்திலும் இரண்டாம் அலை நாட்டைப் புரட்டிப் போட்டது. பிராணவாயுக் குப்பிக்காக ஜனங்கள் தெருத் தெருவாக அலைந்த நாட்கள் அவை. மே 19ந் தேதி பாலூட்டும் தாய்மாருக்கு அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2ந் தேதி. அதாவது, தொடங்கிய நாளிலிருந்து ஐந்தரை மாதங்கள் அவர்கள் வெளியே நின்றனர். அலை எழுந்து, உச்சம் அடைந்து, தணிந்த பிறகே கதவு திறந்தது.

இதில் நம் சர்க்காரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஜனவரியில் அதிகாரிகள் கூறிய சமாதானம், கர்ப்பிணிகளிடம் ஊசி சோதிக்கப்படவில்லை, ஆதாரம் இல்லை என்பது. அது உண்மைதான். ஆனால் ஆதாரம் ஏன் இல்லை? உலகெங்கும் அந்த ஊசிகளின் முதற் சோதனைகளிலே கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆதலின் ஆதாரம் இல்லை. முதலில் சோதனையினின்றும் விலக்கி, பிறகு சோதனை இல்லை என்று பாதுகாப்பினின்றும் விலக்கினர். வழக்காடும் தொழிலைச் செய்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் விசித்திரமாகத் தோன்றும். சாட்சியைக் கோர்ட்டுக்குள் விடாமல் தடுத்தவனே, பின்னர் எழுந்து நின்று, சாட்சி இல்லாத வழக்கு என்று தள்ளச் சொல்வதை எந்த நியாயாதிபதி ஏற்பார்?

இந்த எச்சரிக்கை உணர்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டென்பதையும் மறைக்கலாகாது. 1957ம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் தாலிடோமைடு என்ற மருந்து விற்கப்பட்டது. கர்ப்பிணிகளின் மசக்கைக் குமட்டலுக்கும் அது கொடுக்கப்பட்டது. அதன் பலனாக ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. 1961ம் ஆண்டு இறுதியில் உண்மை வெளியாகி மருந்து நிறுத்தப்பட்டது. அந்தப் பயம் வைத்திய உலகத்தின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1977ல் அமெரிக்க அதிகாரிகள், பிள்ளைபெறும் வயதுடைய பெண்களையே புதிய மருந்துகளின் முதற் சோதனைகளினின்றும் விலக்குமாறு யோசனை கூறினர். பயம் நியாயமானதே. ஆனால் அதிலிருந்து கற்ற பாடம் பிழையானது. தாலிடோமைடு கற்பித்த பாடம், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்போகும் மருந்தை முன்கூட்டிக் கண்ணும் கருத்துமாகச் சோதிக்க வேண்டும் என்பதே. கர்ப்பிணிகளுக்கு எதையும் கொடாதே என்பதன்று.

நியாயஸ்தலங்களில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு, என்பது விதி. நிரபராதி தண்டனை அடையலாகாது என்பதற்காக ஏற்பட்ட உயர்ந்த தர்மம் அது. 2021ல் நாம் சந்தேகத்தின் பலனைக் கர்ப்பிணிக்கு அளிக்கவில்லை; நோய்க்கு அளித்தோம். ஊசியால் ஒருவேளை தீங்கு வரலாமோ என்ற சந்தேகம் ஒரு தட்டில். நோயால் மரணம் வருகிறது என்ற நிச்சயம் மறு தட்டில். சந்தேகம் நிச்சயத்தைவிடக் கனமாக நிறுக்கப்பட்டது. வேறு வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் 2020 டிசம்பரிலேயே, கர்ப்பிணி விரும்பினால் டாக்டரைக் கலந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அவளிடமே முடிவை விட்டனர். முதலில் தயங்கிய இங்கிலாந்தும் 2021 ஏப்ரல் 16ந் தேதி அனுமதி அளித்துவிட்டது. இங்கே, தன் உயிரைப் பற்றிய முடிவில் அவளுக்கு வாக்கே இல்லாமற் போயிற்று.

தாமதத்தின் விலை பின்னர் வெளியாயிற்று. ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரியில் வெளிவந்த ஆய்வில், கோவிட் கண்டு தீவிர சிகிச்சைக்குச் சென்ற கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 98 பேர் ஊசி போடாதவர்களாயிருந்தனர். இங்கிலாந்தில் 2021 ஜூலைக்குப் பின், செயற்கை நுரையீரல் இயந்திரத்தில் வைக்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் ஊசி போடாத கர்ப்பிணி. ஊசியினால் கர்ப்பத்துக்குத் தீங்கு நேருமோ என்ற ஐயத்தைப் பல தேசங்களின் அனுபவம் தீர்த்துவிட்டது.

நம் கையிலேயே உள்ள உதாரணம்

கர்ப்பிணிக்கு ஊசி போட்டுச் சிசுவைக் காப்பது நமக்குப் புதிதன்று. தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுத்ததாலும், புண்ணில் சாணமும் சாம்பலும் தடவியதாலும் வரும் ரணஜன்னி நம் முன்னோர் காலத்தில் பிறந்த பத்து நாட்களுக்குள் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 1980களிலுங்கூட இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்கள் அதற்குப் பலியாயின. கர்ப்பிணிக்கு இரண்டு ஊசி, சுத்தமான கத்தி, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்ற மூன்றினாலும் அந்நோய் அடங்கிற்று. 2015ல் அது இந்தியாவில் ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கூறிற்று. இன்று எந்தக் கிராமத்திலும் ஏழாம் மாதக் கர்ப்பிணியைக் கேட்டால், ஊசி போட்டாயிற்று என்பாள். யாரும் அதைக் கண்டு அஞ்சுவதில்லை. செவிலி இருக்கிறாள், குளிர்ப்பெட்டி இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. நீட்டிய கையில் இன்னும் ஒன்றிரண்டு மருந்தைச் சேர்ப்பதே மிச்சமுள்ள வேலை.

அந்த மருந்துகள் யாவை? முதலாவது, இன்புளூயென்ஸா ஊசி. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. ஆகவே தாய்க்குப் போட்டால்தான் அதற்குக் காப்பு. நமது அண்டை நாடாகிய வங்காள தேசத்தின் டாக்காவில் 2004 முதல் 2005 வரை 340 தாய்மாரிடம் இதைச் சோதித்தனர். கர்ப்ப காலத்தில் ஊசி பெற்ற தாய்மாரின் சிசுக்களுக்கு முதல் ஆறு மாதங்களில் இன்புளூயென்ஸா நூற்றுக்கு 63 பங்கு குறைந்தது. தாய்மாருக்கு வரும் சுவாச ஜுரமும் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. ஓர் ஊசி, இரண்டு உயிர்.

இரண்டாவது, கக்குவான் இருமல். பெரியவர்களுக்கு வெறும் இருமலாகத் தோன்றும் இது பச்சிளங்குழந்தைக்கு மூச்சை நிறுத்திவிடும். நம் நாட்டில் குழந்தைக்கு இதற்கான முதல் ஊசி ஆறாம் வாரத்திலும், மூன்றாவது ஊசி பதினான்காம் வாரத்திலும் போடப்படுகின்றன. அதுவரை உள்ள இடைவெளியில் அதற்குத் துணை யார்? இங்கிலாந்தில் 2012ம் ஆண்டு இந்நோயால் 14 சிசுக்கள் இறந்தன; அந்தச் சர்க்கார் விழித்துக்கொண்டு, அவ்வாண்டு அக்டோபர் முதல் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினர். அவ்வாறு காப்புப் பெற்ற சிசுக்களிடம் நோய் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைந்தது. பதினான்கு சிசுக்கள்! அந்தச் சாவுகள் அங்கே சர்க்காரை அசைத்தன.

மூன்றாவது, ஆர்.எஸ்.வி. என்னும் விஷக்கிருமி. பெயர் நம்மவருக்குப் புதிதாயினும் நோய் புதிதன்று. சிசுக்களுக்கு வரும் கபமும் மூச்சிரைப்பும் பெரும்பாலும் இதன் வேலையே. 2019ம் ஆண்டில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 1 லட்சம் பேர் இதனால் இறந்தனர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 97 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள் என்றும் மதிப்பீடு. கர்ப்பிணிக்குப் போடும் ஊசி 2023ல் முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறந்த மூன்று மாதங்களுக்குள் வரும் கடும் நோயை நூற்றுக்கு 82 பங்கு தடுத்ததாகச் சோதனையில் கண்டனர். 2025ல் உலக சுகாதார ஸ்தாபனமும் எல்லா நாடுகளும் இத்தகைய காப்பைக் கைக்கொள்ள வேண்டும் என்று கூறிவிட்டது. சாவு நம்மைப்போன்ற நாடுகளில். மருந்து முதலில் போய்ச் சேருவது செல்வ நாடுகளில்!

நம் நாட்டில் நிலைமை யாது? தேசமெங்கும் இலவசமாகக் கர்ப்பிணிக்குப் போடப்படுவது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரிய ஊசி. இன்புளூயென்ஸா ஊசியில் கர்ப்பிணிகளுக்கு முதலுரிமை என்று மத்திய சர்க்காரின் சுகாதார இலாகாவே கூறியிருக்கிறது. பிரசவ வைத்தியர் சங்கமும் வற்புறுத்துகிறது. மகாராஷ்டிர மாநிலம் 2015ல் பன்றிக் காய்ச்சல் மிகுந்தபோது தானே முன்வந்து கர்ப்பிணிகளுக்கு இலவசமாகப் போடத் தொடங்கிற்று. ஆனால் தேசத்துக்கெல்லாம் பொதுவான இலவசத் திட்டத்தில் அது சேரவில்லை. கக்குவான் காப்பும் அவ்வாறே. காசுள்ளவர் தனியார் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்கின்றனர். காசில்லாதவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

செய்ய வேண்டுவது

ஆகவே நமது கோரிக்கை மூன்று. ரணஜன்னி ஊசி போடும் அதே நாளில், அதே இடத்தில், இன்புளூயென்ஸா ஊசியும் கக்குவான் காப்பும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், ஆர்.எஸ்.வி. காப்பையும் காலம் கடத்தாமல் கொண்டுவர வேண்டும். இனி ஒரு கொள்ளை நோய் வந்து புது ஊசி தயாராகுமாயின், கர்ப்பிணிகளுக்கான சோதனையும் உரிய பாதுகாப்புடன் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். அனுமதியிலும் அவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். சுவாச ஜுரத்துடன் வரும் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிகளில் வரிசையில் காக்க வைக்காமல் உடனே பார்க்க வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்கலாமா? இந்தப் பத்திரிகையைப் படிப்பவர் பெரும்பாலும் ஆடவர். பொது வேலையில் ஈடுபட்டவர். வீட்டில் கர்ப்பிணிக்கு இருமலும் ஜுரமும் வந்தால் நம்மில் பலர் செய்வது என்ன? கஷாயம் போட்டுக் கொடுக்கச் சொல்கிறோம். கர்ப்பிணிக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று பெரியவர் ஒருவர் சொல்ல, அதற்குத் தலையசைக்கிறோம். இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறோம். அந்த இரண்டு நாள்தான் மருந்து பலிக்கும் இரண்டு நாள் என்பதை மேலே கண்டோம். வளைகாப்புக்கு ஊரைக் கூட்டி வளையல் அடுக்கும் நாம், அவள் ஊசி போட்டுக்கொண்டாளா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆதலின் சில விஷயங்களை ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஜுரத்துடன் இருமல் கண்டால் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்க. பேசும்போது மூச்சு வாங்கினால், மார்பு வலித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், விரல் நுனியில் மாட்டும் கருவி 95க்குக் கீழே காட்டினால், ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. பிறந்த குழந்தை நிமிஷத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், விலாவின் கீழ் உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் அவ்வாறே. தாய்க்கு நோய் கண்டாலும், முகத்தை மூடிக்கொண்டு கைகழுவித் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுவதில்லை. அந்தப் பாலே குழந்தைக்குக் கவசம். குளிப்பாட்டியவுடன் சிசுவின் முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். புகை அந்தச் சிறு குழலுக்கு நஞ்சு. இருமலோடு தொட்டில் காண வரும் விருந்தினரை, எத்தனை நெருங்கிய உறவினராயினும், வாசலிலேயே நிறுத்தி நலம் விசாரித்து அனுப்புக. இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

1918ல் ஆட்சியாளர் கைவிட்டபோது பம்பாயிலும் குஜராத்திலும் தொண்டர்களே வீடு வீடாகச் சென்று கஞ்சியும் மருந்தும் கொடுத்தனர் என்பது சரித்திரம். இன்று கஞ்சி சுமக்க வேண்டுவதில்லை. நம் தெருவில், நம் வார்டில், கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களில் ஊசி பெற்றவர் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு எடுத்தால் போதும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நகரசபை அங்கத்தினரையும் சட்டசபை அங்கத்தினரையும் கேள்வி கேட்டால் போதும். தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் தொண்டர்களுக்கு இது பெரிய காரியமன்று. இன்னும் பிறவாத வாக்காளரின் பட்டியல் இது என்று எண்ணிக்கொள்ளட்டும்.

கப்பல் மூழ்குகிறது என்றால் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்ற வேண்டும் என்று உலகம் பேசுகிறது. 2021ல் படகு இருந்தது. கர்ப்பிணியை மட்டும், உனக்குப் படகு ஒத்துக்கொள்ளுமோ ஒத்துக்கொள்ளாதோ என்று சொல்லி, ஐந்தரை மாதங்கள் தளத்தில் நிறுத்தி வைத்தோம். அடுத்த அலை என்று வருமோ யார் அறிவார்? அது வருவதற்கு முன்பே அவளை வரிசையின் தலையில் கொண்டுவந்து நிறுத்துவது நம் கடமை.